நிறை 75-இல் இருப்பது எது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு கரைந்திருக்கிறது. அதே ஒரு லிட்டரில் உள்ள ஆர்செனிக் ஒன்றரை மைக்ரோகிராம் அளவே. ஒரு பங்கு ஆர்செனிக்குக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பங்கு குளோரைடு என்று கணக்கு வருகிறது. இந்த நீரை, நுண்ணளவு உலோகங்களை அளப்பதில் இன்று உலகெங்கும் நம்பப்படும் கருவியான ஐ.சி.பி-எம்.எஸ். என்னும் பிளாஸ்மா நிறைமாலைமானிக்குள் முன்னேற்பாடு ஏதுமின்றிச் செலுத்தினால், ஆர்செனிக் இவ்வளவு என்று அது ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணின் பெரும்பகுதிக்கும் ஆர்செனிக்குக்கும் தொடர்பே இருக்காது. நீரிலிருந்த குளோரினும் கருவிக்குள் ஓடும் ஆர்கான் வாயுவும் சேர்ந்து பிறப்பித்த அயனியின் எண்ணிக்கை அது.

ஆர்செனிக் முழு உலோகமன்று, உலோகப்போலி. ஆனாலும் ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வைத்துத்தான் ஆய்வகங்கள் அதை அளக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் தந்துள்ள வழிகாட்டு அளவு. இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500-இலும் ஏற்கத்தக்க அளவு அதுவே. வங்கதேசம் 50 மைக்ரோகிராமை எல்லையாகக் கொண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைக் களச் சோதனைப் பெட்டிகளால் ஆய்ந்து, எல்லைக்கு மேற்பட்டவற்றுக்குச் சிவப்பும் உட்பட்டவற்றுக்குப் பச்சையும் பூசியது. ஒரு கிணற்றை மூடுவதா, திறந்து வைப்பதா என்ற முடிவு இப்படி ஓர் எண்ணைச் சார்ந்து நிற்கிறது. களப் பெட்டி சொன்னதைச் சரிபார்க்க மாதிரி கடைசியில் வந்து சேரும் இடம் ஆய்வகம். அங்கேயே எண் பிழையானால் அதற்கு அப்பால் முறையிட வேறு இடமில்லை.

இந்தக் கருவி எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நீர் மாதிரி நுண்திவலைகளாக்கப்பட்டு ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செல்கிறது. 6,000 முதல் 10,000 கெல்வின் வரை வெப்பமுள்ள அந்தப் பிளாஸ்மாவில் திவலை உலர்ந்து, உப்பு ஆவியாகி, மூலக்கூறுகள் அணுக்களாக உடைந்து, அணுக்கள் ஓர் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள உலோகக் கூம்புகள் வழியாக அந்த அயனிகள் வெற்றிடத்துக்குள் இழுக்கப்படுகின்றன. நான்கு தண்டுகளாலான குவாட்ருபோல் என்னும் வடிகட்டி, நிறையை மின்னூட்டத்தால் வகுத்த மதிப்பின்படி அவற்றைத் தரம் பிரிக்கிறது. கடைசியில் இருக்கும் உணரி வந்து விழும் அயனிகளை எண்ணுகிறது. உணரி சொல்வது இவ்வளவுதான்: நிறைக்கும் மின்னூட்டத்துக்குமான விகிதம் 75 கொண்ட அயனிகள் நொடிக்கு இத்தனை. ‘ஆர்செனிக்’ என்ற பெயரை அறிக்கையில் எழுதுவது ஆய்வாளர். அந்தப் பெயர் ஓர் ஊகம். பெரும்பாலான சமயங்களில் அது மிகச் சரியான ஊகம் என்பதுதான் இக்கருவியின் பெருமை.

1980-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏம்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் ஹவுக், வெல்மர் ஃபாசெல் ஆகியோரும், இங்கிலாந்திலிருந்து இதே பாதையில் உழைத்துவந்த ஆலன் கிரேயும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுரையோடு இந்த முறை பிறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1983-இல், கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வணிகக் கருவிகள் வெளிவந்துவிட்டன. அதுவரை ஒவ்வொரு தனிமமாக அளந்துகொண்டிருந்தவர்களுக்கு, சில நிமிடங்களில் தனிம அட்டவணையின் பெரும்பகுதியை, அதுவும் லிட்டருக்கு நானோகிராம் அளவில் காட்டிய இந்தக் கருவி பெரும் விடுதலையாக இருந்தது. குறையும் உடனே தெரிந்துவிட்டது. 80 வரையிலான நிறைகளில் நிறமாலை மாசுபட்டிருந்தது. ஆர்கான் தன்னோடும் நீரிலுள்ள ஆக்சிஜனோடும், அமிலத்திலுள்ள நைட்ரஜன், குளோரின் ஆகியவற்றோடும் இணைந்து உண்டாக்கும் அயனிகள், இரும்பு, குரோமியம், செலினியம் என மனித உடலுக்கும் சூழலுக்கும் மிக வேண்டிய தனிமங்களின் இடங்களில் போய் உட்கார்ந்திருந்தன. ஆர்கான்-40-உம் ஆக்சிஜன்-16-உம் சேர்ந்தால் 56. இரும்பின் 92 விழுக்காடு அந்த நிறையில்தான் இருக்கிறது. ஆர்கானும் கார்பன்-12-உம் சேர்ந்தால் 52. குரோமியத்தின் முதன்மை ஐசோடோப்பு அதுவே. இரண்டு ஆர்கான் சேர்ந்தால் 80. செலினியத்தின் பாதி அங்கே இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. பிரபஞ்சத்தில் ஆர்கான் பெரிதும் ஆர்கான்-36 ஆகவே இருக்கிறது, சூரியனிலும் அப்படித்தான். பூமியின் காற்றிலோ 99.6 விழுக்காடு ஆர்கான்-40. காரணம், பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 கோடானுகோடி ஆண்டுகளாகச் சிதைந்து ஆர்கான்-40 ஆக மாறிக் காற்றில் கலந்துவருவது. நம் காற்றில் சூரியனின் ஆர்கான் இருந்திருந்தால், குளோரினோடு சேரும் அயனி 71-இல் விழுந்திருக்கும். அங்கே காலியம் துன்பப்பட்டிருக்கும், ஆர்செனிக் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஒரு நீர் மாதிரியின் ஆர்செனிக் அறிக்கையில் வரும் பிழைக்குப் பூமியின் வயதும் ஒரு காரணம்.

ஆர்கான்-40-உம் குளோரின்-35-உம் சேர்ந்தால் 75. ஆர்செனிக்குக்கு இயற்கையில் இருப்பது ஒரே ஐசோடோப்பு. அதன் நிறையும் 75. செலினியத்துக்கு ஆறு ஐசோடோப்புகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்றுக்கு மாறலாம். ஆர்செனிக்குக்கு அந்த வாய்ப்பில்லை. மிகத் துல்லியமான அளவீட்டு வழியான ஐசோடோப்பு நீர்த்தல் முறைக்குக் குறைந்தது இரண்டு ஐசோடோப்புகள் தேவை; எனவே அந்தக் கதவும் மூடியிருக்கிறது. போதாததற்கு, ஆர்செனிக் எளிதில் அயனியாவதில்லை. அதன் அயனியாக்க ஆற்றல் 9.8 எலக்ட்ரான் வோல்ட். பிளாஸ்மாவில் ஏறக்குறைய பாதி அணுக்களே அயனியாகின்றன. குறுக்கீடுகளைப் பற்றிப் பேச ஆர்செனிக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடையாது என்று நான் கருதுவது இதனால்தான்.

குளோரைடு கடலில் மட்டும் இல்லை. கடல்நீர் உட்புகுந்த கடலோரக் கிணறுகளில் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீர் இதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட சான்று. மனிதச் சிறுநீரில் லிட்டருக்குக் கிராம் கணக்கில் இருக்கிறது. ஆய்வகமே தன் கையால் சேர்ப்பதும் உண்டு. பாதரசம் கரைசலிலிருந்து தப்பிவிடாமல் இருக்கவும், மண்ணைக் கரைக்கவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டியிருக்கிறது. நீர்த்துப் பார்த்தாலும் பயனில்லை. கடல்நீரின் உப்புச்சுமையைக் கருவி தாங்காது என்பதால் 10, 20 மடங்கு நீர்த்தே ஆகவேண்டும். ஆனால் நீர்க்கும்போது குளோரைடும் ஆர்செனிக்கும் ஒரே வீதத்தில் குறைகின்றன. அவற்றுக்கிடையிலான விகிதம் அப்படியே நிற்கிறது.

முதலில் வந்த தீர்வு கணக்கு. குளோரினுக்கு 35, 37 என இரண்டு ஐசோடோப்புகள். அவற்றின் விகிதம் 3.127. ஆகவே ஆர்கான்-குளோரின் அயனி 75-இல் தோன்றினால் 77-இலும் தோன்றியே தீரும். 77-இல் எண்ணி, 3.127-ஆல் பெருக்கி, 75-இலிருந்து கழித்துவிடலாம். 77-இல் செலினியமும் இருக்குமே என்றால், செலினியத்தை 82-இல் அளந்து, 0.815-ஆல் பெருக்கி, அதை 77-இலிருந்து கழிக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 200.8 என்னும் முறையில் இந்தச் சமன்பாடு இப்படியே அச்சாகியிருக்கிறது. பல்லாண்டுகள் உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் இதைத்தான் நம்பின.

கணிதமாக இது குற்றமற்றது. இடர் வருவது, சமன்பாடு அறியாத ஒன்று மாதிரியில் இருக்கும்போது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 67 மில்லிகிராம் புரோமைடு உண்டு. புரோமின்-81 ஒரு ஹைட்ரஜனோடு சேர்ந்தால் 82. கருவி அதைச் செலினியம் என்று எடுத்துக்கொள்ளும். 77-இல் இருப்பதில் பெரும்பகுதி செலினியமே என்று சமன்பாடு முடிவு கட்டும். குளோரினின் பங்கு குறைத்து மதிப்பிடப்படும். ஆர்செனிக் உயர்ந்து வரும். எந்த நீருக்காகத் திருத்தம் மிகவும் தேவைப்பட்டதோ, அந்த நீரிலேயே திருத்தம் பொய்க்கிறது. ஆர்கான் வாயுவில் கலப்பாக இருக்கும் கிரிப்டான்-82-உம் இதே வேலையைச் செய்யும். வெற்றுக் கரைசலைக் கழித்து அதையாவது சமாளித்துவிடலாம்.

சமன்பாடு பொய்க்காத இடத்திலும் ஒரு விலை உண்டு. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். 75-இல் 10,000 அயனிகளும் 77-இல் 3,000 அயனிகளும் எண்ணப்பட்டன, செலினியம் இல்லை. 3,000-ஐ 3.127-ஆல் பெருக்கினால் 9,381. கழித்தால் ஆர்செனிக்குக்கு மிஞ்சுவது 619. எண்ணிக்கைகளுக்கே உரிய புள்ளியியல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால், அந்த 619-இன் மேல் ஏறக்குறைய 200 அளவுக்கு நிச்சயமின்மை நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைத் தேடும் எந்த அளவீட்டுக்கும் இந்த வலி உண்டு. குறுக்கிடும் அயனியை எண்ணிவிட்டுக் கழிப்பதைக் காட்டிலும், அது உணரியை அடையாமல் தடுப்பதே மேல் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

தடுக்க வேண்டுமென்றால் இரண்டு அயனிகளையும் வேறுபடுத்தும் ஒரு பண்பு வேண்டும். நிறையே அந்தப் பண்பாக அமையலாம், போதிய நுட்பம் இருந்தால். ஆர்செனிக்கின் துல்லிய நிறை 74.9216, ஆர்கான்-குளோரினின் நிறை 74.9312. இவற்றைப் பிரிக்க 7,800 அளவுக்குப் பிரிதிறன் வேண்டும். காந்தப்புலமும் மின்புலமும் இணைந்த இரட்டைக் குவிப்புக் கருவிகள் 10,000 வரை எட்டுகின்றன. அவற்றில் 75-இன் அருகே இரண்டு சிகரங்கள் தனித்தனியாக எழுவதைக் காணலாம். கண்ணுக்கு அவ்வளவு நிறைவான சான்று வேறில்லை. ஆனால் அந்தப் பிரிதிறனுக்காகப் பிளவுகளைக் குறுக்கும்போது அயனிகளில் ஓரிரு விழுக்காடே உணரிக்குப் போய்ச்சேரும். பாதி மட்டுமே அயனியாகும் ஆர்செனிக்குக்கு இது பெரிய இழப்பு. விலையும் சாதாரண ஆய்வகத்தின் கைக்கு எட்டாதது. பிளாஸ்மாவின் ஆற்றலை 600 வாட் அளவுக்குக் குறைத்து ஆர்கான் அயனிகளை அடக்கும் ‘குளிர் பிளாஸ்மா’ வழி, குறைக்கடத்தித் தொழிற்சாலைகளுக்கு இரும்பையும் கால்சியத்தையும் அளந்து தந்தது. அயனியாகவே தயங்கும் ஆர்செனிக்குக்கு அது உதவாது.

எல்லோருக்கும் எட்டும் தீர்வு, வெற்றிடத்துக்குள் வேண்டுமென்றே சிறிது வாயுவை விடுவதிலிருந்து வந்தது. குவாட்ருபோலுக்கு முன்னால் ஒரு சிறு அறை. அதில் ஹீலியம் அல்லது ஹைட்ரஜன் அல்லது அம்மோனியா. 1989-இல் கனடாவில் டொனால்ட் டக்ளஸும், அயோவாவில் ரோவனும் ஹவுக்கும் இந்த வழியை முயன்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகத்தார் ஹைட்ரஜனை விட்டால் ஆர்கான் அயனிகள் கரைந்து மறைவதைக் காட்டினார்கள். 1999-இல் ஸ்காட் டானரும் விளாடிமிர் பரனோவும் அம்மோனியாவைப் பயன்படுத்தும் இயங்குவினை அறையை முழு முறையாக வளர்த்தெடுத்து வெளியிட்டார்கள்.

இவற்றுள் ஹீலியம் தனி வகை. அது எதனோடும் வினைபுரியாது. மோத மட்டும் செய்யும். ஒரே நிறையுள்ள ஓரணு அயனியையும் ஈரணு அயனியையும் ஹீலியம் நிரம்பிய அறைக்குள் விட்டால், ஈரணு அயனி பருமன் கூடியது என்பதால் அதிக முறை மோதுகிறது. திருவிழாக் கூட்டத்தில் கைவீசி நடப்பவனும் தலையில் பெரிய மூட்டையோடு நடப்பவனும் ஒரே வேகத்தில் வெளியேற முடியாதல்லவா? அறையின் வாயிலில் சில வோல்ட் அளவுக்கு ஒரு மின்தடுப்பு வைத்தால், ஆற்றல் இழந்து களைத்துப்போன ஆர்கான்-குளோரின் அதைத் தாண்டுவதில்லை, ஆர்செனிக் தாண்டிவிடுகிறது. இதன் அழகு என்னவென்றால், குறுக்கிடுவது எந்த மூலக்கூறு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆர்கான்-குளோரின், கால்சியம்-குளோரின், கோபால்ட்-ஆக்சிஜன் ஆகிய மூன்றும் 75-இல் விழக்கூடியவை, மூன்றும் ஈரணு, மூன்றுக்கும் ஒரே மருந்து. மாதிரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அளக்க வேண்டிய அன்றாட ஆய்வகத்துக்கு இது பெரிய வரம். நீர், உணவு, சிறுநீர் மாதிரிகளின் ஆர்செனிக் அளவீடு இந்த நூற்றாண்டில் நம்பிக்கைக்கு உரியதாக மாறியதற்கு ஹீலியம் அறையே முதற்காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

அந்த நம்பிக்கையே அடுத்த பிழையை மறைத்துவிட்டது. கருவி அளப்பது நிறையை மின்னூட்டத்தால் வகுத்த மதிப்பை என்று முன்பே பார்த்தோம். நிறை 150 உள்ள ஓர் அணு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் அதுவும் 75-இல்தான் விழும். நியோடிமியத்துக்கும் சமாரியத்துக்கும் 150 நிறையுள்ள ஐசோடோப்புகள் உண்டு. இரண்டாவது எலக்ட்ரானை இழக்க அவற்றுக்கு ஏறக்குறைய 11 எலக்ட்ரான் வோல்ட் போதும். ஆர்கானின் அயனியாக்க ஆற்றலோ 15.76. ஆகவே பிளாஸ்மாவில் அவற்றில் ஒரு சிறு பங்கு இரட்டை மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. அவை மூலக்கூறுகள் அல்ல, தனி அணுக்கள். பருமனைப் பார்த்துத் தடுக்கும் ஹீலியத்தால் அவற்றை அடையாளம் காண முடியாது.

நியோடிமியம், சமாரியம் போன்ற அருமண் உலோகங்கள் நீரில் மிகக் குறைவு. மண்ணிலும் பாறையிலும் தாராளம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்னும் கனிமம் செரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவற்றின் பாஸ்பேட். அத்தகைய மணலைக் கரைத்து, ஹீலியம் அறையை மட்டும் நம்பி 75-இல் அளந்தால், இல்லாத ஆர்செனிக்கை அது காட்டும். மண்ணில் விளையும் பயிர்களையும் மண்தூசி படிந்த கீரைகளையும் ஆய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதற்கொரு நுட்பமான சோதனை இருக்கிறது. நியோடிமியம்-145 இரட்டை மின்னூட்டம் பெற்றால் 72.5-இல் விழும், சமாரியம்-147 பெற்றால் 73.5-இல். அரை எண்ணில் விழும் ஒற்றை மின்னூட்ட அயனி எதுவும் இல்லை. அங்கே எண்ணிக்கை தென்பட்டால் அது இரட்டை மின்னூட்டத்தின் கைரேகை. அதைக்கொண்டு 75-இல் உள்ள பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கலாம்.

இதே இடர் மருத்துவமனைக்குள்ளும் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக விழுவதற்காக நரம்பில் ஏற்றும் மருந்தில் இருப்பது கடோலினியம். வழக்கமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், 60 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ ஒரு கிராம் கடோலினியம் சேர்கிறது. இரத்தத்தின் சீரத்தில் இருக்கும் செலினியமோ லிட்டருக்கு நூறு மைக்ரோகிராம் என்ற வரிசையில். கடோலினியம்-156 இரட்டை மின்னூட்டம் பெற்றால் 78, கடோலினியம்-160 பெற்றால் 80. செலினியத்தை அளக்க ஆய்வகங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு இடங்களும் அவையே. செலினியம் குறைந்திருக்கிறதா என்று சந்தேகித்து, படம் எடுத்த கையோடு இரத்தமும் எடுத்து அனுப்பினால், குறைவு நிறைவாகத் தெரியக்கூடும். இது மேலதிகமாக இருப்பதாகப் பயமுறுத்தும் பிழையன்று. குறையை மறைத்து ஆறுதல் சொல்லும் பிழை. எனக்கு இந்த வகைதான் அதிகக் கவலை தருகிறது. ஆறுதல் தரும் எண்ணை யாரும் இரண்டாம் முறை சோதிக்கச் சொல்வதில்லை. அமெரிக்காவின் மேயோ மருத்துவ ஆய்வகங்கள், கடோலினியமோ அயோடினோ கொண்ட மருந்து ஏற்றியபின் 96 மணி நேரம் கழியாமல் உலோகச் சோதனைக்கு மாதிரி எடுக்கக்கூடாது என்று தம் சோதனைக் குறிப்புகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து உடலை விட்டு நீங்க இன்னும் நாளாகும்.

அறைக்குள் ஆக்சிஜனை விட்டால் கதை வேறு. ஆர்செனிக் அயனி ஆக்சிஜனிடமிருந்து ஓர் அணுவை விரைந்து பறித்துக்கொண்டு 91 நிறையுள்ள ஆர்செனிக் ஆக்சைடு அயனியாகிறது. ஆர்கான்-குளோரின் அப்படிச் செய்வதில்லை, 75-இலேயே தங்கிவிடுகிறது. இரட்டை மின்னூட்ட நியோடிமியமும் சமாரியமும் 91-க்கு வருவதில்லை. ஆர்செனிக்கைக் குறுக்கீட்டிலிருந்து காப்பதற்குப் பதில், ஆர்செனிக்கையே வேறு இடத்துக்குக் குடிபெயர்த்துவிடலாம். ஆனால் 91-இல் சிர்கோனியம் இருக்கிறதே! மண்ணிலும் மணலிலும் சிர்கோனியத்துக்குப் பஞ்சமில்லை. இந்தத் தடையை நீக்கியது 2012-இல் சந்தைக்கு வந்த, அறைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு குவாட்ருபோல்கள் கொண்ட கருவி. முதல் வடிகட்டி 75-ஐ மட்டும் உள்ளே விடும்; 91 நிறையோடு வந்த சிர்கோனியம் வாயிலிலேயே நின்றுவிடும். அறைக்குள் ஆக்சிஜன் வினை. இரண்டாம் வடிகட்டி 91-ஐ மட்டும் வெளியே விடும். உள்ளே போகும்போது 75, வெளியே வரும்போது 91: இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றும் அயனி மிக அரிது. 1980-இல் அடையாளத்துக்கு இருந்தது நிறை ஒன்றே. இப்போது வேதிவினையும் சாட்சி சொல்கிறது.

கருவி எவ்வளவு வளர்ந்தாலும், பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை எது, காட்டாத சோதனை எது என்ற தெளிவு இல்லாவிட்டால் பயனில்லை. இந்த இடத்தில் ஆய்வகங்களின் அன்றாட வழக்கம் ஒன்றைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மாதிரியில் தெரிந்த அளவு ஆர்செனிக்கைச் சேர்த்து, சேர்த்தது முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘ஸ்பைக் ரெகவரி’ நூறு விழுக்காட்டை ஒட்டி வந்தால் முடிவு சரி என்று கையொப்பம் விழும். ஒரு கணக்கு போடுவோம். ஒரு கிணற்று நீரில் உண்மையான ஆர்செனிக் 2 மைக்ரோகிராம். குளோரைடு அதன்மேல் 9 மைக்ரோகிராமைப் பொய்யாகச் சேர்க்கிறது. கருவி 11 என்று காட்டும். 10 மைக்ரோகிராம் சேர்த்து மறுபடி அளந்தால் 21. வித்தியாசம் 10, மீட்பு 100 விழுக்காடு. சோதனையில் முழு மதிப்பெண். கிணறோ 10 என்ற எல்லையைத் தாண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறது. ஐந்து மடங்கு நீர்த்து அளந்தாலும் பொய்யும் மெய்யும் ஏறத்தாழ ஒன்றாகவே குறையும். பெருக்கினால் மீண்டும் 11. அந்தச் சோதனையும் தேறிவிடும்.

ஏன் இப்படி? குறுக்கீடுகள் இருவகை. ஒன்று, உணர்திறனை மாற்றுவது: உப்பு மிகுந்த மாதிரியில் ஆர்செனிக்கின் எண்ணிக்கை அமுங்கும், கார்பன் மிகுந்த மாதிரியில் அது உயரும். இதை ஸ்பைக் சோதனை பிடித்துவிடும். ஜெர்மேனியம், டெல்லூரியம் போன்ற அக ஒப்பீட்டுத் தனிமங்கள் சரிசெய்துவிடும். எல்லாக் கரைசல்களிலும் சிறிது ஆல்கஹாலைச் சேர்த்துக் கார்பனின் பாதிப்பைச் சமப்படுத்தும் வழக்கமும் உண்டு. மற்றது, எண்ணிக்கையின் மேல் ஒரு நிலையான பொய்யை ஏற்றிவைப்பது. நேர்கோட்டின் சாய்வு மாறாது, கோடு முழுவதும் மேலே நகர்ந்துவிடும். சாய்வை மட்டும் சோதிக்கும் எந்தச் சோதனைக்கும் இந்த நகர்வு தெரியாது. ஆர்கான்-குளோரினும் இரட்டை மின்னூட்ட அயனிகளும் இந்த இரண்டாம் வகை. இந்த வேறுபாடு எந்தப் பாடநூலிலும் இருப்பதுதான். ஆயினும் அறிக்கைகளில் ஸ்பைக் மீட்பு விழுக்காட்டை எல்லாவற்றுக்குமான சான்றாக அடுக்கிவைப்பது தொடர்கிறது.

நகர்வைப் பிடிக்க வழி இல்லாமலில்லை. ஆர்செனிக் இல்லாத தூய உப்புக் கரைசலை மாதிரிக்கு இணையான குளோரைடு செறிவில் செலுத்தி, 75-இல் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம். சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள்களை அளக்கலாம். ஆனால் எந்தப் பொருள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வழங்கும் 1643 வரிசை நன்னீரை ஒத்தது, குளோரைடு குறைந்தது. அதில் சரியான விடை பெற்ற ஆய்வகம், உவர்நீரிலும் சரியாக அளக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. கடல்நீருக்குக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் தயாரிக்கும் காஸ், நாஸ் வரிசைகளை நாட வேண்டும். எல்லாவற்றிலும் வலுவான வழி, வெவ்வேறு பண்புகளைச் சார்ந்த இரண்டு அளவீடுகள்: ஹீலியத்தோடு 75-இல் ஒன்று, ஆக்சிஜனோடு 91-இல் ஒன்று. ஒன்று பருமனைப் பார்க்கிறது, மற்றது வினைத்திறனைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்தால் நம்பலாம். ஒவ்வாவிட்டால் அந்த வேறுபாடே மாதிரியில் என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்கான முதல் துப்பு. இரண்டு குவாட்ருபோல் கருவி இல்லாத ஆய்வகம், மாதிரியோடு சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்து ஆர்செனிக்கை ஆர்சைன் வாயுவாக மாற்றி, குளோரைடைக் கரைசலிலேயே விட்டுவிட்டு அளக்கலாம். அல்லது திரவ நிறப்பிரிகைத் தூண் வழியாகச் செலுத்திக் குளோரைடையும் ஆர்செனிக்கையும் வெவ்வேறு நேரங்களில் வெளிவரச் செய்யலாம். நிறப்பிரிகையில் ஒரு கூடுதல் லாபம்: நஞ்சான கனிம ஆர்செனிக்கும், மீனுணவால் வரும் தீங்கற்ற ஆர்செனோபீட்டைனும் தனித்தனியே தெரியும். சிறுநீர்ச் சோதனையில் இந்தப் பிரிப்பு இல்லாத மொத்த எண்ணுக்குப் பொருள் சொல்வது கடினம். முந்தைய நாள்களில் மீன் சாப்பிட்டவர் நஞ்சுண்டவராகத் தெரிவார்.

குடிநீர் அறிக்கையில் ‘முறை: ஐ.சி.பி-எம்.எஸ்.’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. அறையில் எந்த வாயு, எந்த நிறையில் எண்ணப்பட்டது, மாதிரியின் குளோரைடு எவ்வளவு, எந்த மேற்கோள் பொருளோடு ஒப்பிடப்பட்டது ஆகிய நான்கு விவரங்கள் ஒரு வரியில் அடங்கிவிடும். அந்த ஒரு வரி இருந்தால், ஊராட்சிக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் எண்ணைப் பிறிதோர் ஆய்வாளர் எடைபோட முடியும்.

ஆர்செனிக்குக்காகவும் செலினியத்துக்காகவும் தேடிய வழி, நிறைப் பிரிதிறனால் ஒருபோதும் எட்டமுடியாதிருந்த ஓர் இடத்தையும் இப்போது திறந்துவிட்டிருக்கிறது. ருபிடியம்-87 ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டு அரை ஆயுட்காலத்தோடு ஸ்ட்ரான்சியம்-87 ஆகச் சிதைகிறது. பாறைகளின் வயதைக் கணிக்கப் புவியியலாளர்கள் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒரே நிறையெண் கொண்டவை. நிறையைக்கொண்டு பிரிக்க வேண்டுமானால் பிரிதிறன் 3 லட்சத்தை எட்ட வேண்டும். வழக்கமான பிளாஸ்மா நிறைமாலைமானி எதற்கும் அது இயலாது. எனவே பாறையைப் பொடித்து, கரைத்து, தூணில் நாள்கணக்கில் பிரித்துத்தான் அளந்தார்கள். கனிமம் பாறையில் எந்த இடத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி பொடியாக்கும்போதே போய்விடும். ஆக்சிஜன் அறையில் ஸ்ட்ரான்சியம் ஆக்சைடாகி 103-க்குப் போகிறது. ருபிடியம் வினைபுரியாமல் 87-இலேயே இருக்கிறது. 2016-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சாக்கும் யோஹான் ஹொக்மால்மும் லேசரால் பாறைத் துண்டைச் சுரண்டி, எழும் துகளை நேரே பிளாஸ்மாவுக்கு அனுப்பி, இந்த வினையைக்கொண்டே வயது கணிக்கலாம் என்று காட்டினார்கள். மைக்காவின் ஒரே மணியில், பாறையில் அது இருந்த இடத்திலேயே, இப்போது அந்த அளவீடு நடக்கிறது.